சூலக்காரியும் திறந்த மூன்றும்

1

மதிக்குப் பரீட்சை என்று அக்காவிடம் போனில் சொல்லியிருக்கக் கூடாது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இரண்டு வீட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். நானும் இதை எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நான் கோவில்பட்டிக்காரன். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிறிய ஊரில், மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊரில் அப்பா அம்மா இல்லை, வீடும் கைமாறிவிட்டது. மிச்சம் இருப்பது ராஜாத்தி அக்கா மட்டும்தான். விளாத்திகுளத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். மானாவாரியில் மிளகாயும் பருத்தியும் போடுகிறார்கள். வாரம் ஒரு தடவை நான் அவளைக் கூப்பிடுவேன். மழை பெய்ததா, பெய்யவில்லையா என்பதிலேயே பாதிப் பேச்சு போய்விடும்.

மதி என் மகள். பதினேழு வயது. வீட்டில்தான் மதி, பள்ளிக்கூடத்தில் அவள் மேடி. பரீட்சை அன்று காலையில் அக்காவிடமிருந்து ஒரு படமும் குரல்பதிவும் வந்தன.

“ஏலே சேது, மதி பிள்ளைக்காவ சூலக்காரிக்கு வெளக்கு வச்சிருக்கேன். பிள்ளைட்ட காட்டு. கும்பிட்டுட்டுப் போவச் சொல்லு.”

மதி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே படத்தைப் பார்த்து “ஓகே” என்றாள். கிளம்பிவிட்டாள்.

சூலக்காரி அத்தான் வீட்டுச் சாமி. உள்ளறையில் ஒரு மாடக்குழிக்குள் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த வகையறாவைச் சேர்ந்தவர்கள் தவிர வேறு யாரும் உள்ளே போக மாட்டார்கள். பெண் கொடுத்த வீட்டுக்காரன் நான், வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு வந்தவன். அதனால் அவள் எப்படி இருப்பாள் என்பதை அன்றுதான், பஸ்ஸில் நின்றுகொண்டு போனில் பெரிதாக்கிப் பார்த்தேன்.

விளக்கு, செவ்வரளி, குங்குமம். நடுவே வட்டமாக ஒரு வெண்கலத் துண்டு. அதில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். ஒரு கையில் சூலம், மறு கை கேடயத்தின் மேல், தலையில் கவசம். காலுக்குக் கீழே தேய்ந்துபோன நான்கு எண்கள்.

அது அம்மன் இல்லை. பிரிட்டானியா. பிரிட்டிஷ்காரன் தன் நாட்டைப் பெண்ணாக வரைந்து, பென்னிக் காசின் பின்பக்கத்தில் உட்கார வைத்த உருவம். அந்தக் காசுகளைத்தான் நான் இங்கே வந்த நாளிலிருந்து சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

2

இந்தக் கிறுக்கு எனக்கு எப்படிப் பிடித்தது என்று ஊரில் கேட்பார்கள். வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு பழைய பொருள் கடையில், பிஸ்கட் டப்பா நிறையப் பழைய பென்னிகளை வைத்திருந்தார்கள். நான் பிறப்பதற்கு முன்பே செல்லாமல் போன காசுகள். உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். அந்த ஊரில் அப்போது எனக்குப் பேச ஆள் கிடையாது. டப்பாவோடு வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வருஷ வரிசைப்படி அடுக்கினேன். அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது.

கொஞ்ச நாளில் ஒரு நாணயச் சந்தைக்குப் போனேன். கடை விரித்திருந்த வெள்ளைக்காரப் பெரியவர் என்ன வேண்டும் என்று கேட்டார். பென்னிகளுக்காகப் பணம் செலவழிக்க வந்திருக்கிறேன் என்ற அர்த்தத்தில், ஒரு பென்னி செலவழிக்க வேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னேன். அவர் மிகுந்த மரியாதையோடு எழுந்து, நடைபாதையைக் காட்டி, இடதுபக்கம் இரண்டாவது கதவு என்றார். போய்த் திறந்தால் கழிப்பறை. இந்த ஊரில் ஒரு பென்னி செலவழிப்பது என்றால் ஒண்ணுக்குப் போவது என்று அர்த்தமாம். கட்டணக் கழிப்பறைக்கு ஒரு பென்னி போட்ட காலத்துப் பேச்சு. எந்தப் பாடப் புத்தகத்தில் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள்? கை கழுவிவிட்டுத் திரும்பி வந்தேன்.

பென்னியில் அபூர்வம் என்பது பெரும்பாலும் மயிரிழை விஷயம். ஒரு வருஷத்துக் காசில் பிரிட்டானியாவுக்குப் பின்னால் கடல் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும். இன்னொன்றில் வருஷத்துக்குப் பக்கத்தில் குட்டியாக ஓர் எழுத்து இருக்கும். 1903ஆம் வருஷத்துப் பென்னியில் மூன்று என்ற எண்ணின் முனைகள் உள்நோக்கிச் சுருண்டிருக்கும். ஆனால் அந்த வருஷத்துக் காசுகளிலேயே ரொம்பச் சிலவற்றில் மட்டும் அந்த மூன்று வாயைத் திறந்துகொண்டு நிற்கும். திறந்த மூன்று என்று அதைச் சொல்வார்கள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்றுகூட என் கைக்கு வந்ததில்லை. டப்பா டப்பாவாகக் கிளறியிருக்கிறேன். சின்னப் பிள்ளையாக இருந்தபோது மதியும் என்னோடு தரையில் உட்கார்ந்து கிளறுவாள். இப்போது அவள் அறைக் கதவு சாத்தியிருக்கிறது.

அக்கா அனுப்பிய படத்தில் வருஷம் 1903. குங்குமத்துக்கு நடுவே அந்த மூன்று வாயைத் திறந்துகொண்டிருந்த மாதிரித்தான் தெரிந்தது.

3

மதிய உணவு நேரத்தில் அக்காவைக் கூப்பிட்டேன்.

“அக்கா, அந்தக் காசு என்ன இவ்வளவு பளபளன்னு இருக்கு?”

“காசாம்லா. சூலக்காரியச் சொல்லுதியா? வெள்ளிக்கு வெள்ளி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பேன். எங்க அத்தை காலத்துலயும் அப்படித்தான்.”

பழைய காசைச் சேர்க்கிறவன் அதைத் துணியால்கூடத் துடைக்க மாட்டான். அதன் மேல் படிந்த பழுப்புதான் அதன் வயசு, அதன் மதிப்பு. இவள் புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள். மாமியார் தேய்த்ததை இவள் வாங்கித் தேய்த்திருக்கிறாள்.

“இனிமே தேய்க்காத.”

“தேய்க்காம?”

“அப்படியே வை.”

“பச்சப் பிடிச்சுப் போவும்லே. சாமிய அழுக்காப் போடச் சொல்லுதியா? அந்த ஊர் குளிருக்குக் குளிக்காம இருந்து பழகிட்டியோ?”

விளக்கினேன். இது லண்டனில் அடித்த காசு, இதில் இருப்பது அந்த நாட்டு உருவம், ஒருவேளை இது அபூர்வமான வகையாக இருக்கலாம் என்று சொன்னேன். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். பக்கத்தில் பெருமாள்சாமி அத்தான் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது.

“அபூர்வம்னா எப்படி?” என்று அத்தான் குரல் வந்தது.

“தெரியலை அத்தான். நேரில பாத்தாத்தான் சொல்ல முடியும்.”

“எங்க தாத்தா தூத்துக்குடித் துறைமுகத்துல மூட்டை தூக்கினாவ. கப்பக்காரன் ஒருத்தன் கொடுத்ததாம். சூலம் இருக்கதப் பாத்து, அம்மனே வந்துட்டான்னு அவிய கொண்டாந்து வச்சது. விலை எவ்வளவு போவும்?”

“விலையெல்லாம் இப்பச் சொல்ல முடியாது.”

இந்தப் பதில் எங்கள் பக்கத்தில் எப்படிக் கேட்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொல்ல முடியாது என்றால், சொல்ல முடியாத அளவுக்கு விலை என்று ஆகிவிட்டது. அன்றைக்கே அத்தான் போனில், பழைய காசு உங்களைக் கோடீஸ்வரர் ஆக்கும் என்கிற மாதிரியான வீடியோக்களை வரிசையாகப் பார்த்திருக்கிறார். அந்த வீடியோக்களை யார் எடுக்கிறார்கள், அவர்களுக்கு வேறு வேலை கிடையாதா என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன்.

4

அத்தானுக்குத் தம்பி ஒருவர் உண்டு. கொண்டல் என்று கூப்பிடுவார்கள். அடுத்த வீடு; வயலும் அடுத்தடுத்து. மிளகாய் வத்தல் காயப்போடும் களம் இருவருக்கும் பொது. செய்தி அவர் காதுக்குப் போனதும் வந்து நின்றிருக்கிறார்.

“தாத்தா கொண்டாந்த சாமி. எனக்கும் பாத்தியதை உண்டும்லா.”

“கும்பிட வேண்டாம்னு யாரு சொன்னா?” என்று அத்தான் கேட்டிருக்கிறார்.

“கும்பிடுததப் பத்தி நான் பேசல.”

இப்படி ஆரம்பித்து, ஒரு வாரத்துக்குள் பேச்சு நின்றுவிட்டது. களத்தின் நடுவே கயிறு கட்டினார்கள். கடைசியில் விளாத்திகுளத்தில் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் நடுவில் புகுந்து, சூலக்காரியைத் தன் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து வந்தால்தான் திறப்பது என்று ஏற்பாடு. எனக்கு எல்லாவற்றையும் அக்காதான் சொன்னாள். அழவில்லை. அவள் குரல் மட்டும் வறண்டிருந்தது.

“வெறும் மாடக்குழிக்கு வெளக்கு வைக்கேன் சேது. நீ ஒருத்தன் அதப் பாக்காம இருந்திருக்கலாம்.”

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. காசை இங்கே வரவழைத்து விவரம் தெரிந்தவர்களிடம் காட்டி முடிவைச் சொல்லிவிடலாம் என்று, அதற்கு வழி கேட்டு ஊரில் ஒரு தொல்லியல் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பல தடவை முயன்ற பிறகு ஒருவர் எடுத்தார். நல்ல மனிதர், பொறுமையாகத்தான் பேசினார்.

“நூறு வருஷம் தாண்டின காசு தொல்பொருள் சார். வெளிநாட்டுக்குக் கொண்டு போகக் கூடாது.”

“அது வெளிநாட்டுக் காசுதான் சார். லண்டனில் அடிச்சது. லண்டன் பக்கம்தான் வரப்போகுது.”

“எங்க அடிச்சதுன்னு கேள்வி இல்ல சார். இங்க இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப போகக் கூடாது.”

“இங்க வரும்போது யாரும் தடுக்கலையே.”

“வரலாம் சார். போகக் கூடாது.”

இங்கே உள்ள நாணயச் சங்கத்தில் படத்தைக் காட்டினேன். திறந்தது போலவும் இருக்கிறது, திறக்காதது போலவும் இருக்கிறது, கையில் வைத்துப் பார்க்காமல் சொல்ல மாட்டோம் என்று அவர்கள் கைவிரித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஈஸ்டர் விடுமுறைக்கு டிக்கெட் போட்டேன். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. மதியை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரு காசைப் பார்ப்பதற்காகவா போகிறோம் என்று அவள் இங்கிலீஷில் கேட்டாள். குடும்பத்தைப் பார்க்கப் போகிறோம் என்றேன். அவள் என்னை நம்பவில்லை.

அவள் நம்பாததும் சரிதான். சண்டையைத் தீர்க்கத்தான் போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் அந்த மூன்று திறந்த மூன்றாக இருக்க வேண்டும் என்று விமானத்தில் வழி முழுக்க வேண்டிக்கொண்டே போனேன்.

5

பங்குனி வெயில். விளாத்திகுளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே வத்தல் நெடி மூக்கில் ஏறியது. கமிஷன் கடைக்குள் கூரை வரைக்கும் சாக்கு மூட்டைகள். அத்தானும் கொண்டலும் தனித்தனி மோட்டார் சைக்கிளில் வந்து, கடையின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. மதி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

அண்ணாச்சி பெட்டியைத் திறந்து மஞ்சள் துணி முடிச்சை எடுத்து மேசையில் வைத்தார்.

“பாருங்க தம்பி. பாத்து ஒரு வார்த்தை சொல்லிருங்க. இவிய ரெண்டு பேரையும் என்னால கட்டி மேய்க்க முடியல.”

உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தேன். கண் எரிந்து நீர் கொட்டியது. தும்மல் வேறு. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். காசின் முன்பக்கத்து ராஜா எப்போதும் மாடக்குழிச் சுவரைப் பார்த்தே கிடந்ததால் புளி அதிகம் படாதவர்; அவருடைய வழுக்கைத் தலையும் தாடியும் அப்படியே இருந்தன. சூலக்காரியின் முகம் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. எழுத்துகள் பாதி மறைந்திருந்தன. கீழே அந்த மூன்று.

எனக்குப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் நம்ப மனம் வராமல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். போனில் இருந்த படங்களோடு ஒப்பிட்டேன். திறந்த மூன்று என்பது முனை திறந்திருப்பது மட்டும் இல்லை; அதன் உடம்பே வேறு, நிற்கிற நிலையே வேறு. இது சாதாரண மூன்று. சுருண்டிருந்த இரண்டு முனைகளும் புளியிலும் சாம்பலிலும் கரைந்து போனதால் வாய் திறந்த மாதிரித் தெரிகிறது. என் மாடிப் பெட்டியில் இதே வருஷத்துக் காசு ஒரு கை நிறையக் கிடக்கிறது, எல்லாமே இதைவிட நல்ல நிலையில்.

“இது சாதாரணக் காசு” என்றேன். “அபூர்வம் இல்லை. கடையில போட்டா ஒரு டீக்குக் காணாது.”

கொண்டல்தான் முதலில் பேசினார்.

“நேத்து வரைக்கும் அபூர்வம். இன்னைக்குச் சாதாரணமா?”

“அபூர்வமா இருக்கலாம்னுதான் சொன்னேன். படத்துல அப்படித் தெரிஞ்சுது.”

“சாதாரணக் காசப் பாக்கவா தம்பி, இவ்வளவு தூரம் டிக்கெட் போட்டு வந்திய?” என்று அண்ணாச்சி கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அத்தான் தரையைப் பார்த்தபடி சொன்னார்: “சேது, நீ அங்கன இருக்கவன். இதோட மதிப்பு உனக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. வேணும்னா வேணும்னு கேளு. அதுக்காவ ஒண்ணுமில்லாததுன்னு சொல்லாத.”

எனக்குக் கல்யாணத்தில் மோதிரம் போட்டவர், என்னை முதன்முதலாக விமானம் ஏற்றிவிட்டவர் இந்த அத்தான். மூன்றை விளக்க ஆரம்பித்தேன். முனை, வளைவு, தேய்மானம். விளக்க விளக்க அது விற்பனைக்காரன் பேச்சு மாதிரியே எனக்குக் கேட்டது. அக்காவைப் பார்த்தேன். அவளும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சந்தேகம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போது மூட்டையின் மேலிருந்து மதி பேசினாள்.

“மாமா. அப்பாவுக்கு அது வேணும். ரொம்ப வேணும்.”

எல்லோரும் திரும்பினார்கள். நான் இங்கிலீஷில் சும்மா இரு என்றேன். அவள் நிறுத்தவில்லை. சொல்லைத் தேடித் தேடி, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

“நான் குட்டியா இருக்கு, அப்பவே அப்பா தேடுது. எல்லா சண்டேயும் தேடுது. அந்த மூணு கிடைச்சா அப்பா டான்ஸ் ஆடும். சத்தம் போடும். அத்தைக்கு முத்தம் கொடுக்கும். அதுக்குப் பொய் வராது. இப்பப் பாரு, அப்பா மூஞ்சியைப் பாரு.”

எல்லோரும் என் மூஞ்சியைப் பார்த்தார்கள்.

“அப்பாவுக்கு அது வேணும்” என்றாள் மறுபடியும். “ஆனா இது அது இல்ல.”

அண்ணாச்சி மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார்.

“ஏய்யா பெருமாள்சாமி, இந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லுத அளவுக்குத் தமிழ் கெடயாது. ரெண்டு பேரும் எந்திரிச்சு வீட்டுக்குப் போங்க.”

அத்தான் சிரிக்கவில்லை. ஆனால் என்னை நிமிர்ந்து பார்த்தார். “பிள்ளை சொல்லுது, சரிதான்” என்றார்.

வருஷக்கணக்காகச் சனிக்கிழமைதோறும் அவளைக் காரில் ஏற்றித் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். பெரியவர்களை ‘அது’ என்று சொல்லாதே என்று தொண்டை வறளத் திருத்தியிருக்கிறேன். அவள் தமிழ் இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருந்தால் அன்றைக்கு யாரும் அவளை நம்பியிருக்க மாட்டார்கள். இதை எங்கே போய்ச் சொல்ல?

6

அண்ணாச்சி முடிச்சை அக்காவின் கையில்தான் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் நேராக அடுப்படிக்குப் போய்ப் புளி ஜாடியைத் திறந்தாள்.

“அக்கா” என்றேன்.

“ஒண்ணுமில்லாத காசுதானே? பெறவு என்ன?”

என் கண் முன்னாலேயே தேய்த்தாள். இத்தனை மாத அழுக்குக்கும் சேர்த்து, இரக்கமே இல்லாமல் தேய்த்தாள். சாதாரணக் காசுதான் என்று தெரிந்தும் எனக்குப் பல் கூசியது. முற்றத்துக்குப் போய் நின்றுகொண்டேன்.

சாயங்காலம் கொண்டல் வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, எதுவும் நடக்காதது மாதிரிக் கேட்டார்.

“மதினி, மோர் இருக்கா?”

“இருக்கு. அங்கன நின்னுக்கிட்டுக் கேட்டா வந்துருமா? உள்ள வந்து குடிக்கது.”

உள்ளே வந்தார். அத்தான் நகர்ந்து இடம் கொடுத்தார். கயிற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. பிறகு கொண்டல் செம்பைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்:

“மச்சான், சண்டைக்குக் கேக்கல. உள்ளபடியே அது யாரு? அந்த ஊர் ராணியா?”

“ராணி இல்லை. பிரிட்டானியான்னு பேரு. நாட்டையே பெண்ணா நெனச்சு வரைஞ்சது. சாமியெல்லாம் இல்லை, சும்மா ஒரு…”

“அங்க யாராவும் இருந்துட்டுப் போறா” என்றாள் அக்கா, விளக்குத் திரியைக் கிள்ளியபடி. “இவிய தாத்தா காலத்துல இங்கன வந்தவ. வந்த எடத்துல வெளக்கு வச்சாச்சு, கும்பிட்டாச்சு. இனி நீ வந்து அவ யாருன்னு எங்களுக்குச் சொல்ல வேண்டாம்.”

கொண்டல் சிரித்தார். அத்தானும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. எதன் மேல் என்று தெரியவில்லை.

மதி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அத்தை என்ன சொல்லுது?”

நான் இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தேன். வந்தவள் என்பதற்கு ஒரு சொல் போட்டேன். அது வெறுமனே வந்துவிட்டுப் போனவள் என்பது மாதிரி இருந்தது. மாற்றி இன்னொன்று போட்டேன். அது குடியேற்ற அலுவலகத்துப் படிவத்தில் வருகிற சொல். இருபது வருஷத்துக்கு மேல் அந்த மொழியில்தான் பிழைக்கிறேன், சரியான சொல் ஒன்று கிடைக்கவில்லை. பாதியில் நின்றுவிட்டேன்.

“விடுப்பா” என்றாள் மதி. “புரிஞ்சிருச்சு.”